குப்பாயி அடுக்கிய பலகாரத் தட்டு

தீபாவளிக்கு மறுநாள் விடிந்தபோது ஸ்ரீவைபவம் அடுக்குமாடியின் வீடுகளில் முறுக்கு பெருக ஆரம்பித்திருந்தது. முந்தின நாள் குப்பைக் கூடையில் கொட்டிய முறுக்கு, வேலைக்காரியிடம் பையில் போட்டுக் கொடுத்தனுப்பிய தட்டுவடை, பால்கனி வழியாகக் காக்கைக்கு வீசிய வெல்லப்பாகுக் கச்சாயம் எல்லாம் திரும்பி வந்து, வந்த தட்டிலேயே, வந்த வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டு, போதாததற்குத் தங்கள் சொந்தபந்தத்தையும் கூட்டி வந்திருந்தன. மூடி வைத்தால் மூடியைத் தூக்கின, பரணில் ஏற்றினால் பரணிலிருந்து எட்டிப் பார்த்தன. இது ஏன் நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. இதை எங்கே வைப்பது என்று கேட்டவர்கள்தான் அதிகம். அலமாரி இருக்கிற வீட்டில் அதிசயத்துக்கு மரியாதை அவ்வளவுதான்.

அந்தத் தட்டுகள் எல்லாம் மூன்றாம் மாடிக் குப்பாயி வீட்டிலிருந்து வந்தவை.

குப்பாயி என்பது பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயரல்ல, பயந்து வைத்த பெயர். முன்னால் பிறந்தது ஒன்றும் தங்காமல் போகவே, இதையாவது எமன் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டுப் போகட்டும் என்று, பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு கணம் போட்டு எடுத்து வைத்த பெயர். எமன் ஏமாந்தான், மனிதர்கள் ஏமாறவில்லை. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எந்தத் தெரு, எந்தக் கோடி, எந்தக் கிணறு என்பதுவரை அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் அடுக்குமாடியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் எவருமில்லை, 'மேடம்' என்றார்கள். ஆட்டுச் சந்தையில் தரகு பேசிப் பிழைத்தவளை மேடம் என்று கூப்பிடுவதில் ஒரு வசதி இருந்தது. மேடம் என்ற சொல்லுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது, ஊர் கிடையாது, அடுத்த பந்தியில் இடம் போட வேண்டிய கட்டாயமும் கிடையாது.

சந்தையில் விலை வாயால் பேசப்படுவதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்குள்ளே போய், விரல்களைப் பிடித்தும் மடக்கியும் பேசி முடித்துக்கொள்ளும், சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. பொம்பளை கையைத் துண்டுக்குள் எவன் பிடிப்பான், அதிலும் இவள் கையை எவன் பிடிப்பான் என்று சந்தையே சிரித்த காலத்தில், குப்பாயி தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பிடிக்க வராதவன் கையை அவளே இழுத்துத் துண்டுக்குள் திணித்தாள். ஆட்டின் இடுப்பை ஒரு முறை அமுக்கிவிட்டு இதில் இவ்வளவு கறி தேறும் என்று அவள் சொன்னால், வெட்டினபின் அது தப்பியதில்லை. அடி வாங்கினாள், அடித்தாள், கெட்ட வார்த்தை கேட்டாள், கேட்டவனே காதைப் பொத்திக்கொள்ளும்படி திருப்பிச் சொன்னாள், அப்படியே மேலே வந்தாள். வீடு கேட்டுப் போனபோது, "எல்லாம் போயிருச்சுங்களே" என்று சொன்ன கட்டடக்காரனிடம், "எங்க போச்சு, காலு மொளைச்சு நடந்து போச்சா?" என்று கேட்டு, கட்டடத்துக்கு எதிரே தினமும் வந்து மணல்மேட்டின் மேல் உட்கார்ந்திருந்து, கடைசியில் மூன்றாம் மாடியை வாங்கியவள் அவள்.

வாங்கியது சுவர்தான் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. பண்டிகைக்குப் பண்டிகை அந்தக் கட்டடத்தில் தட்டுகள் போகும், தட்டுகள் வரும், ஒரு வீட்டுத் தட்டு இன்னொரு வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பாது, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் திருப்புவார்கள். அந்தப் போக்குவரத்து முழுவதும் குப்பாயியின் கதவை ஒட்டியே நடந்தது, கதவில் மட்டும் நிற்கவில்லை.

"நாமளே ஆரம்பிச்சா என்ன?" என்று அந்த வருஷம் அவளுக்குத் தோன்றியது. விற்கிறவன்தானே முதலில் துண்டை விரிக்க வேண்டும்.

பலகாரத் தட்டு அடுக்குவதைப் பெரிய வித்தை என்று நினைக்கிறவர்கள் சந்தைக்கு வந்ததில்லை. கொழுத்த ஆட்டை முன்னால் நிறுத்து, நோஞ்சானை நடுவில் விடு, எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வை, அவ்வளவுதான். குப்பாயி பளபளக்கும் புதுத் தட்டுகளில் வாழையிலை நறுக்கு விரித்து, எண்ணெய் கசியும் கச்சாயத்தை நடுவில் குவித்து, அதன் பாகு மற்றதில் ஒட்டாதபடி சுற்றிலும் இலையால் ஒரு வேலி கட்டி, வேலிக்கு வெளியே முறுக்கைச் சாய்த்துச் சாய்த்து வட்டமாக நிறுத்தி, இடைவெளியில் தட்டுவடையைச் செருகி, மேலாக மிக்சரைத் தூவி, ஓரத்தில் இரண்டு வாழைப்பழம் வைத்தாள். சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் பலகாரத்தை நாக்கில் வைக்கக் கூடாது, எச்சிலாகிவிடும் என்பதால் அவள் எதையும் ருசி பார்க்கவில்லை. விடியலில் கருப்பனுக்குப் படைத்தாள். கற்பூரம் அணையும் முன்னே தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினாள். எல்லோரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். எதிர்வீட்டுத் தமயந்தி, பள்ளிக்கூடத்து டீச்சர், "எதுக்குங்க மேடம் இவ்வளவு சிரமம்?" என்றாள். சங்கச் செயலாளர் சதாசிவம், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், தட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார், ஆனால் அவள் விரல் இருந்த ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து ஒரு முறுக்கைக் கடித்தபோதுதான் குப்பாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பில்லை. மாவில் உப்புப் போட மறந்திருந்தாள். தட்டுவடையிலும் அதே மாவுதான், அதே சப்பென்ற சாவுதான்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, ஒவ்வொரு கதவாக மறுபடி போனாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, அதனால் சுற்றி வளைத்துக் கேட்டாள். "ஏனுங்க, முறுக்கு எப்பிடி?"

"சூப்பருங்க மேடம்!" என்றார் சதாசிவம். "வாயில போட்டதும் கரையுது."

"உப்பு?"

"அளவா இருந்துச்சுங்க. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

"உப்புதான் மேடம் உங்க கைப்பக்குவமே" என்றார்கள் இரண்டாம் மாடியில். "எங்க வூட்ல ஒரே சண்டைங்க, எல்லாத்தையும் எம்பையனே தின்னு தீத்துட்டான்" என்றார்கள் நான்காம் மாடியில். தமயந்தி, "நெம்ப நல்லாருந்துச்சு, செய்முறை சொல்லுங்க" என்றாள். ஒரு கதவும் தப்பவில்லை. ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலே சந்தையை இரண்டாக்குகிற குப்பாயி, அன்றைக்குப் படிக்கட்டில் ஒன்றும் பேசாமல் ஏறி வந்தாள். ஆத்திரம் அவளுக்கு வாய்வழியாகத்தான் போகும், அன்று வழி அடைத்துக்கொண்டது. அது வேறு எந்த வழியாகப் போனதென்று அவளுக்கும் தெரியாது.

மறுநாள்தான் பெருக்கம் தொடங்கியது.

வாட்ச்மேன் சிங்காரம் மட்டும்தான் நடந்ததை நடந்தபடி சொன்னவன். "அக்கா, அல்லாரும் பை பையா எங்கிட்டத் தள்ளுனாங்க. நானும் எம்பொண்டாட்டியும் ஒக்காந்து தின்னோம், வவுறு ரொம்புச்சு. உப்பு மட்டும் இல்லீங்க்கா. ஆனா நாங்க தின்னு என்ன பிரயோசனம், மேல தட்டு மறுக்கா ரொம்பிக்குதே?" யாருக்கென்று அடுக்கியதோ அவர்கள் வாயில் போகாத பலகாரம் எவர் வாயில் போனாலும் திரும்பி வந்தது, காக்கை கொத்தினாலும் வந்தது, கோயில் வாசலில் பிச்சைக்காரருக்குப் போட்டாலும் அவர் பசியாறிய பிறகு மரியாதையாக வந்தது.

ஐப்பசி போய்க் கார்த்திகை வருவதற்குள் ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். எதற்குத்தான் பழகவில்லை, இதற்குப் பழக மாட்டார்களா? ஆடும் மேசைக்கால்களுக்கு அடியில் தட்டுவடை வைத்தார்கள். பெரிய முறுக்குகளைக் கம்பியில் கோத்துத் திரைச்சீலை மாட்டினார்கள், சின்ன முறுக்குகளில் சாவிகளைத் தொங்கவிட்டார்கள். கச்சாயம் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தது. தமயந்தி தன் டியூஷன் பிள்ளைகளுக்குத் தட்டுவடையை வைத்தே வட்டத்தின் பரப்பளவு சொல்லிக் கொடுத்தாள். நான்காம் மாடியில் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தின் மூலையில் கூரை தொட நின்ற முறுக்கு மலையைப் பார்த்தபோது, பெண்ணின் தாய், "இன்டீரியருங்க, பெங்களூர்ல இப்ப இதுதான்" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டினார்கள், கல்யாணமும் நிச்சயமானது. வாஸ்து பார்க்க வந்தவர் தென்மேற்கு மூலையில் கனம் இருப்பது நல்லதுதான் என்று சொல்லி, குவியலைத் தென்மேற்குக்குத் தள்ளச் சொன்னார், தள்ளினார்கள், அது வடகிழக்கிலும் வளர்ந்தது. கார் நிறுத்துமிடத்தில் மிக்சர் கணுக்கால் அளவு கிடந்ததை மிதித்து நடக்கிற சத்தம் பழகிப்போய், சத்தம் கேட்காத தெருவில் அவர்களுக்கு நடக்கவே வரவில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர்கள் செய்யவில்லை. ஒரு துண்டை ஒடித்து வாயில் போடவில்லை. அந்தச் சொல்லையே தவிர்த்தார்கள். சங்கத்துக் கூட்டக் குறிப்பில் அது 'அந்தப் பொருள்' என்றும், வாட்ஸாப்பில் 'அந்த ஐட்டம்' என்றும் இருந்தது. யாராவது வாய் தவறி, "இதைச் சாப்பிட்டுப் பாத்தா..." என்று ஆரம்பித்தால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சர்க்கரை நோய் வந்தது, கொலஸ்ட்ரால் ஏறியது, விரதம் பிறந்தது. "நாங்க எண்ணெய்ப் பலகாரமே சேக்கறதில்லீங்க" என்று கையில் போண்டாவுடன் ஒருவர் சொன்னார், அவர் அதைச் சொல்லும்போது யாரும் போண்டாவைப் பார்க்கவில்லை.

லிப்ட் முறுக்கில் சிக்கிக்கொண்டு அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய ஒருவர் உள்ளேயே மாட்டிய பிறகுதான் கூட்டம் போட்டு, குப்பாயியை அழைத்தார்கள்.

"நீங்கதான் ஒரு வழி சொல்லணும் மேடம்" என்றார் சதாசிவம்.

"தின்னுங்க" என்றாள் குப்பாயி.

சதாசிவம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது இல்லாம, வேற ஏதாச்சும்..."

"வேற என்னத்தைச் சொல்றது? தின்னாத் தீந்துரும். தின்பண்டம்னு பேரே அதுக்குத்தான வெச்சிருக்குது?"

"உங்களைச் சங்கத்துக்குத் துணைத் தலைவரா போட்டுறலாம்னு ஒரு யோசனை இருக்குதுங்க" என்றார் சதாசிவம். "முன்பக்கத் தோட்டத்துக்கு உங்க பேரையே வெக்கலாம்" என்றார் இன்னொருவர். பேரை வைக்கலாம் என்றவர் அந்தப் பேரைச் சொல்லவில்லை. குப்பாயிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. இவ்வளவு மேலே போய் விலை சொல்கிறவர்கள், கேட்ட ஒன்றை மட்டும் துண்டுக்குள்ளே கொண்டுவர மறுக்கிறார்களே!

"சரி, நானே எறங்கி வாரேன். அல்லாரும் திங்க வேண்டாம். வூட்டுக்கு ஒராளு."

சதாசிவம் கூட்டக் குறிப்பைப் புரட்டினார்.

"மாடிக்கு ஒராளு."

யாரோ இருமினார்கள்.

"அட, இந்த மொத்தக் கட்டடத்துக்கும் ஒராளு. ஒரு முறுக்கு. முழுசா வேண்டாம், ஒரு கடி. எம்முன்னால."

அவ்வளவு சல்லிசாக அவள் எந்த ஆட்டையும் விட்டதில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் விரித்து, கையைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். "வாயில சொல்லக் கூச்சமா இருந்தா உள்ள கைய உட்டுச் சொல்லுங்க. எவன் என்ன சொன்னான்னு இன்னொருத்தனுக்குத் தெரியாது. இதுதான் எங்க சந்தை வழக்கம்."

துண்டுக்கடியில் அவள் கை காத்திருந்தது. கைகள் மடியில் கிடந்தன, கைப்பேசிகளைப் பிடித்திருந்தன, முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. அவள் தோள் வலி எடுக்கிறவரை நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஓஹோ, திங்கறது மட்டும் இல்லீங்களா பிரச்சினை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கூட்டத்தின் முடிவாக, வெள்ளிக்கிழமை பெரிய அளவில் ஒரு ஹோமம் செய்வதென்று எழுதிக்கொண்டார்கள்.

புதன்கிழமை உச்சிவெயிலில், மாடியில் யாருமில்லாத நேரம் பார்த்து, தமயந்தி கதவைத் தட்டினாள். அவள் வீட்டில் முறுக்கு படுக்கையறை வரை வந்து, பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் அதன் மேல் படுத்துத் தூங்கி, முதுகெல்லாம் வட்ட வட்டமாகத் தழும்பு. தமயந்தி ஒன்றும் பேசாமல் குப்பாயியின் துண்டை இழுத்துத் தன் கையின் மேல் போட்டுக்கொண்டு, உள்ளே அவள் விரலைத் தேடிப் பிடித்தாள். ஒரு விரலைப் பிடித்தாள், ஒன்று தின்கிறேன். பிறகு நான்கு விரலையும் சேர்த்து மடக்கி இறுக்கினாள். சந்தை பாஷை அவளுக்குத் தெரியாது, ஆனாலும் அது விளங்கியது, கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

சாயங்காலம் ஆனால் விற்காத ஆட்டை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும், தீவனம் போட வேண்டும், அதனால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதுதான் புத்தி என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள் குப்பாயி. அந்தப் புத்தியை அன்று தனக்கே சொல்லிக்கொண்டாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

தமயந்தி தன் வீட்டுக்குள் அவளை அழைத்துப் போய்த் தாழ் போட்டாள், ஜன்னலைச் சாத்தினாள், கடிக்கிற சத்தம் வெளியே போய்விடுமே என்று டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். மென்றாள். கண்ணைத் திறந்தாள்.

"உப்பே இல்லையே, குப்பாயிக்கா!"

அந்தக் கட்டடத்தில் முதன்முதலாக அவள் பேர் சொல்லப்பட்டது அப்போதுதான், சிங்காரத்தைத் தவிர இன்னொருவர் வாயால் முதன்முதலாக ஓர் உண்மை சொல்லப்பட்டதும் அப்போதுதான். குப்பாயிக்கு வந்த சந்தோஷத்தில் கோபமே வந்துவிட்டது. "மறந்துட்டேன் அம்மிணி. வருசத்துக்கு ஒருக்கா சுடறவளுக்கு மறக்காதா? உனக்கு மறந்ததே இல்லியாக்கும்?"

"கச்சாயம் நல்லாருக்குது. பாகு கொஞ்சம் முத்திப்போச்சு."

"முத்திப்போச்சா பாகு? எம்பாகா? நாக்கை அறுத்துப் போடுவேன்!" என்று குப்பாயி சத்தம் போட, தமயந்தி சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுக்க, படுக்கையறையில் பெரிய மூச்சு விடுவது போல ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் முறுக்கு மலை இல்லை. தரை தெரிந்தது, மறந்துபோன பாய் தெரிந்தது.

தமயந்தி வாயைத் துடைத்தாள், இரண்டு முறை துடைத்தாள், கண்ணாடியில் பல்லைப் பார்த்தாள். "அக்கா, வெளிய சொல்லிராதீங்க. எங்க மாமியார் ஊருக்குத் தெரிஞ்சா என்னை அடுப்படிக்குள்ள உட மாட்டாங்க."

"துண்டுக்குள்ள பேசுனதைச் சந்தையில சொல்றவ இல்ல நான்" என்றாள் குப்பாயி. அவள் சொல்லவில்லை. தமயந்திதான் ஒரே ஒருத்தியின் காதில் சொன்னாள், அந்த ஒருத்தி ஒரே ஒருத்தியின் காதில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஹோமம் நடந்தது. புகை நான்கு மாடிக்கும் போனது. பூர்ணாகுதி முடிந்து எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனதும், கட்டடம் முழுவதும் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மழை தொடங்குவது போலக் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு வீட்டில் மிக்சி ஓடியது, அடுத்த வீட்டில் கிரைண்டர் ஓடியது, மேல் வீட்டில் நாதஸ்வரம், கீழ் வீட்டில் செய்திகள், இன்னொரு வீட்டில் துணி துவைக்கிற இயந்திரம் துணியில்லாமல் சுற்றியது. குப்பாயி தன் கூடத்தின் நடுவில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டாள். அத்தனை இரைச்சலுக்கும் அடியில், சுவருக்குச் சுவர், மாடிக்கு மாடி, தன் முறுக்கு நொறுங்குகிற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. கடிக்கிறார்கள், மெல்லுகிறார்கள், விழுங்குகிறார்கள், இன்னொன்று எடுக்கிறார்கள். அவள் எதைக் கேட்டாளோ அது முழுதாக, கேட்டதற்கு மேலாக, அவளுக்குக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு முகத்தைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை அவள் வாசலில் தட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீரில் அலசிய வாசனை அடித்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றிலும் ஒரு சர்க்கரைத் துகள் இல்லை. பளபளவென்று எல்லாவற்றிலும் அவள் முகம்தான் இருந்தது.

அவள் தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் வாசலில் ஆள் சத்தம். சதாசிவம், இரண்டாம் மாடிக்காரர்கள், நான்காம் மாடிக்காரர்கள், கூட்டத்தின் ஓரத்தில் தமயந்தி. ஹோமத்தின் பலன் ஒரே நாளில் தெரிந்துவிட்டதென்று, வீடு வீடாகப் பிரசாதம் கொடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் குளித்த களை.

"அந்தத் தொந்தரவு ஒருவழியா ஒழிஞ்சுது மேடம். எல்லாம் அம்பாள் அருள்" என்று சொல்லிச் சதாசிவம், சர்க்கரைப் பொங்கல் வைத்த தொன்னையை உயரத்திலிருந்து அவள் உள்ளங்கையில் விழும்படி விட்டார். தொன்னை என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டிய வேலை இல்லை.

குப்பாயி தமயந்தியைப் பார்த்தாள். "எடுத்துக்கோங்க மேடம்" என்றாள் தமயந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒரு சொல் போதும். இன்னார் இன்ன கிழமை எதைத் தின்றாள் என்று ஒரே ஒரு சொல். குப்பாயியின் வாயில் அது வந்து உட்கார்ந்தது, நாக்கின் நுனியில் நின்று துடித்தது, ஆயுசு முழுவதும் திட்டியே ஜெயித்தவளுக்கு அதைத் துப்புவது எச்சில் துப்புவது மாதிரி. அவள் அதை விழுங்கினாள். விழுங்கியது கசந்தது.

அவர்கள் அடுத்த வீட்டுக்குத் திரும்பினார்கள்.

"நில்லுங்க" என்றாள் குப்பாயி.

நின்றார்கள்.

அவள் கதவை எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து, சுவரில் இடிக்கத் தள்ளிவிட்டு, நிலைக்கு நடுவில் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்றாள். பொங்கலை விரலால் எடுத்து வாயில் வைத்தாள். அவசரப்படவில்லை. மென்றாள், முந்திரியைக் கடித்தாள், நெய் உதட்டோரம் வழிய விட்டாள், புறங்கையால் துடைத்தாள், மறுபடி எடுத்தாள். லிப்ட் வந்து நின்று திறந்து, ஏற ஆளில்லாமல் மூடிக்கொண்டு போனது. சதாசிவம் மணி பார்க்கக் கையைத் தூக்கினார், அவள் பார்த்த பார்வையில் கையை இறக்கினார். தொன்னையின் மடிப்புக்குள் ஒட்டியதை வழித்து, விரல் ஒவ்வொன்றையும் நக்கி முடிக்கிறவரை அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்துக்கிட்டீங்களா?" என்றாள் குப்பாயி. "ஒருத்தர் குடுத்ததைத் திங்கறதுன்னா இப்பிடித்தானுங்க."

மற்றவர்கள் அடுத்த வீட்டை நோக்கி நடந்தார்கள். தமயந்தி மட்டும், பல்லிடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்டவளைப் போல, உதட்டை இறுக மூடியபடி உள்ளே நாக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றாள்.